ஒரே பொதியை 24 முறை பதிவிறக்காமல் இருக்க

ஓர் அறையில் பல லினக்ஸ் கணினிகள் இருந்தால், இணையச் செலவைக் குறைக்க உள்ளூரிலேயே ஒரு மென்பொருள் களஞ்சியம் (நிறுவத் தேவையான மென்பொருள் பொதிகளின் சேமிப்பிடம்) அமைப்பது பயன்தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன்தரும், ஆனால் முழுக் களஞ்சியத்தையும் நகலெடுக்காதீர்கள். அந்தத் தவற்றை நான் செய்திருக்கிறேன்.

சிங்கப்பூர் வீடுகளில் இருக்கும் இணைய வேகத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தொண்டூழியர்கள் சிலர் சேர்ந்து, உட்லண்ட்ஸில் இரவல் வாங்கிய ஓர் அறையில் பழைய மடிக்கணினிகளில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவி மாணவர்களுக்குக் கொடுத்துவந்தோம். அங்கே எங்களிடம் இருந்தது சிம் அட்டை போட்ட ஒரு ரவுட்டர் மட்டுமே. கணினிக்கு 700 எம்பி பதிவிறக்கம் என்று வைத்தாலும், 24 கணினிகளுக்கு 16 ஜிபியைத் தாண்டிவிடும்.

முதலில் முழுக் களஞ்சியத்தையும் நகலெடுக்கும் ‘ஏபிடி-மிரர்’ என்ற கருவியைக் கொண்டு வீட்டிலேயே இரவெல்லாம் பதிவிறக்கி, வன்வட்டில் எடுத்துச் சென்றேன். டெபியன் 12-இல் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. எங்களுக்குத் தேவைப்பட்டவை ஈராயிரத்துக்கும் குறைவு. அதோடு, பாதுகாப்புத் திருத்தங்களுக்கான களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்புக்கு (அதில் உள்ள பட்டியல்களை உறுதிசெய்யும் கையொப்பமிட்ட கோப்பு) காலாவதி நாள் உண்டு என்பதால், இரண்டு வாரம் புதுப்பிக்காத நகலை, டெபியனில் பொதிகளை நிறுவும் கருவியான ஏபிடி ஏற்க மறுத்துவிட்டது.

பிறகுதான் ‘ஏபிடி-கேச்சர்-என்ஜி’க்கு மாறினேன். இதை ஒரு கணினியில் நிறுவி, மற்றக் கணினிகளின் ஏபிடி அமைப்பில் அதன் முகவரியையும் 3142 என்ற போர்ட் எண்ணையும் ப்ராக்ஸியாக, அதாவது இடைத்தரகராக, குறிப்பிட்டால் போதும். முதல் கணினி கேட்கும் பொதியை அது இணையத்திலிருந்து எடுத்துத் தன்னிடம் சேமித்துக்கொண்டு, அடுத்து கேட்கும் கணினிகளுக்கு அதையே கொடுக்கிறது. குறிப்பிட்ட பதிப்பின் பொதி ஒருமுறை வெளியானபின் மாறுவதில்லை என்பதால் இதில் ஆபத்தில்லை; மாறிக்கொண்டே இருக்கும் பட்டியல் கோப்புகளை மட்டும் அது மூலத்தோடு ஒப்பிட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் கணினியை நம்பலாமா என்ற ஐயமும் வேண்டாம்: களஞ்சியத்தின் கையொப்பத்தையும், கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் ஹாஷ் மதிப்பையும் ஒவ்வொரு கணினியும் தானே சரிபார்க்கிறது.

சிக்கல் வருவது ஹெச்டிடிபிஎஸ் முகவரிகளில்தான். மறையாக்கம் செய்யப்பட்ட போக்குவரத்தை இடையில் இருப்பவர் படிக்க முடியாது. படிக்க முடியாததைச் சேமிக்கவும் முடியாது. எனவே களஞ்சியப் பட்டியலில் சாதாரண ஹெச்டிடிபி முகவரிகளை இட்டோம். (பழைய மடிக்கணினிகளில் கடிகார மின்கலம் செத்துப்போயிருக்கும், தேதி பின்தங்கியிருந்தால், ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஏபிடி அடம்பிடிக்கும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று.)

கணினியை மாணவரிடம் ஒப்படைக்கும் முன் அந்த ப்ராக்ஸி வரியை நீக்கிவிடுங்கள். நாங்கள் ஒருமுறை மறந்துவிட்டோம். “அண்ணே, வீட்டுக்கு வந்ததிலிருந்து எதுவுமே அப்டேட் ஆகவில்லை” என்று மறுநாளே தொலைபேசி அழைப்பு வந்தது. இல்லாத கணினியை அது வீட்டில் தேடிக்கொண்டிருந்தது.