டிப்ஸ் பணத்தை வேலூரிலேயே எண்ணி வையுங்கள்

கேள்வி: நான் குடியாத்தத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவியோடு டூர் குழுவில் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி போகிறோம். பணம் கட்டிய பிறகு, பஸ் டிரைவருக்கும் டூர் மேனேஜருக்கும் சேர்த்து தலைக்கு நாளொன்றுக்கு 4 யூரோ டிப்ஸ் தனி என்கிறார்கள். 9 நாளுக்கு இருவருக்கும் 72 யூரோ. கொடுத்தே ஆகவேண்டுமா? கையில் எவ்வளவு எடுத்துப்போவது?

பதில்: கொடுத்துவிடுங்கள் சார். ஆனால் கட்டிய பிறகு சொன்னார்கள் என்ற உங்கள் கோபம் நியாயமானது, அதனால் பேக்கேஜ் தாளில் 'இதில் அடங்காதவை' என்ற பகுதியை முதலில் பாருங்கள். அங்கே இருந்தால் அது டூர் செலவில் ஒரு பங்கு. இல்லையென்றால் யாருக்கு, எப்போது, ரசீது உண்டா என்று மெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். சிலர் புறப்படும் முன்பே வாங்கிவிடுவார்கள், சிலர் கடைசி நாள் பஸ்ஸில் கவர் நீட்டுவார்கள். விசாரிக்காமல் போனால் இரண்டு தடவை கொடுப்பீர்கள்.

அந்த டிரைவர் உங்கள் பெட்டிகளைத் தினமும் ஏற்றி இறக்கி, மலைப்பாதையில் பத்திரமாகக் கொண்டுபோகிறவர். அவருக்குப் போகும் பணத்தில் பேரம் வேண்டாம். அதேபோல, இன்னொரு இடம் காட்டுங்கள் என்று கூடுதலாக 20 யூரோ திணிக்கவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வழக்கமாக ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, எல்லாம் வண்டியிலேயே பதிவாகும். மீறினால் அவருக்குத்தான் சிக்கல்.

ஓட்டலில் கவலை வேண்டாம். பிரான்ஸில் சர்வீஸ் பில்லிலேயே அடக்கம். இத்தாலியில் 'கோபெர்த்தோ' என்ற மேசைக் கட்டணமாகத் தலைக்குச் சில யூரோ சேர்ந்திருக்கும், அது ஏமாற்று இல்லை. மேற்கொண்டு சில்லறையை விட்டுவந்தால் போதும். அமெரிக்காவின் 15, 20 சதவீத டிப்ஸ் கணக்கு ஐரோப்பாவில் பொருந்தாது.

சாப்பாடு டூரிலேயே என்றால் கைச்செலவுக்கு 300 யூரோ, கூடவே 100 சுவிஸ் பிராங்க் போதும் என்பது என் கணக்கு. டிப்ஸ் பணத்தைத் தனிக் கவரில் போட்டுவிடுங்கள். 5, 10, 20 நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள், கழிப்பறைக்கே பல இடங்களில் அரை யூரோ, ஒரு யூரோ நாணயம் வேண்டும், அதற்கு இறங்கிய அன்றே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிச் சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் கார்டில். கடையில் மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த ரேட்டில் போய்விடும்.

வேலூரில் சி.எம்.சி மருத்துவமனை பக்கம் பணம் மாற்றும் கடைகள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி லைசென்ஸ் உள்ள கடைதானா என்று பார்த்து, உங்கள் வங்கி ரேட்டையும் விசாரித்து, பில்லோடு வாங்குங்கள். 50,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால்தான் ரொக்கம் கொடுத்து வாங்க முடியும், அதற்கு மேல் வங்கி வழியாகத்தான்.

அப்புறம் ஒன்று. டூர் பணத்தோடு டி.சி.எஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, என்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் தெரியும். பென்ஷனுக்கு வரி வராவிட்டாலும் ரிட்டர்ன் போடுங்கள், பணம் திரும்ப வரும்.