டிசெக்‌ஷன் ஹாலில் கண் இருட்டுகிறதா?

வாசகர் கேள்விகளுக்கு உடற்கூறியல் ஆசிரியர்களின் பதில்கள்

கேள்வி: எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறேன். முதல் டிசெக்‌ஷன் வகுப்பில், அறுத்துப் படிப்பதற்காகப் பதப்படுத்திய மனித உடலான கடாவரைப் பார்த்ததும் கண்ணீர் கொட்டியது. அரை மணி நேரத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். டாக்டர் ஆகும் தைரியம் எனக்கு இல்லையோ?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: கண்ணீரையும் மயக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கண்ணீருக்குப் பெரும்பாலும் ஃபார்மலின்தான் காரணம். உடல் கெடாமல் காக்கும் அது, 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் உள்ள கரைசல். நீர்க்கச் செய்துதான் உடலில் ஏற்றுகிறார்கள் என்றாலும், மூடிய துணியை விலக்கியதும் நெடி குப்பென்று ஏறும். அந்த நேரம் மேசைமேல் குனியாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்கள். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். இயற்கை ரப்பரான லேடெக்ஸில் ஃபார்மலின் சீக்கிரம் ஊடுருவும்.

மயக்கம், இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பின் வேலை. நாடித்துடிப்பு குறையும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். வெறும் வயிறு, புழுக்கம், அசையாமல் நிற்பது மூன்றும் சேர்ந்தால் தைரியசாலியும் விழுவார். வியர்வை, கொட்டாவி, காதடைப்பு எல்லாம் முன்னறிவிப்பு. உடனே ஸ்கால்பெல் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்காருங்கள். ஸ்டூல் வேண்டாம், அதிலிருந்து விழுந்தால் மண்டை உடையும். வெளியே ஓடவும் கூடாது. பலர் வராந்தாவில் விழுந்துதான் அடிபடுகிறார்கள். மல்லாக்கப் படுத்துக் காலை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளியும். காலையில் நாலு இட்லியும் நிறையத் தண்ணீரும் உள்ளே போயிருந்தாலே பாதிப் பிரச்சினை இல்லை. ஹாலுக்கு வெளியிலும் மயக்கம் வந்தாலோ, ஓடும்போது வந்தாலோ இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மார்பு, அக்குள் பகுதிகளை அறுத்தபோது எதுவும் தோன்றவில்லை. உள்ளங்கைக்கு வந்ததும் கை நடுங்கியது. ஏன்?
– மாணவர், மதுரை

பதில்: தோலும் கொழுப்பும் யாருடையதாகவும் இருக்கலாம். காய்ப்பேறிய கையும் நகமும் அப்படி இல்லை; அங்கே ஒரு ஆள் தெரிகிறார். முகத்துக்கு வரும்போதும் இதே நடுக்கம் வரும். அறுக்காத பகுதியை ஈரத் துணியால் மூடி வையுங்கள், திசுவும் காயாது. எதுவும் தோன்றாததும் இயல்புதான், கல்நெஞ்சம் ஆகிவிடாது. பதற்றத்தில் சிரிப்பு வந்தால் வெளியே போய்ச் சிரியுங்கள். உடலுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் செல்போனில் படமெடுப்பதும்தான் மன்னிக்க முடியாதவை. 2019-இல் வந்த பாடத்திட்டம் கடாவரை முதல் ஆசான் என்றே சொல்கிறது.

கேள்வி: ஹாலிலிருந்து வந்ததும் அகோரப் பசி என்கிறான் மகன். ஆனால் கறியைத் தொடுவதில்லை. பயப்பட வேண்டுமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். பதப்படுத்திய தசை பழுப்பேறி, நார் நாராகப் பிரியும். வெந்த கறி போலவே இருக்கும். அதனால் வரும் அருவருப்பு பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். அதுவரை முட்டை, பருப்பு போதும், வற்புறுத்தாதீர்கள். மாதம் தாண்டியும் தூக்கம் கெட்டாலோ வகுப்புக்கு மட்டம் போட்டாலோ துறை ஆசிரியரிடம் பேசச் சொல்லுங்கள். வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, வேறு மேசைக்கு மாற்றித் தருவார்கள். வெள்ளைக் கோட்டைத் தனிப் பையில் கொண்டுவந்து தனியாகத் துவையுங்கள். மற்ற துணியோடு போட்டால் வீடு முழுக்க அந்த நெடிதான்.