30 நாள் பழைய இரத்தத்தை ஏற்றினால் நோயாளிக்கு ஆபத்தா?

(அப்பாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சையில் ஏற்றிய பையில் ஒரு மாதத்துக்கு முந்தைய தேதி இருந்ததாம். கேட்டவரின் கவலை அதுதான்.)

பயப்படாதீர்கள். நான் இரத்த வங்கியில் டெக்னீஷியன். "சார், போன மாசத் தேதி போட்டிருக்கு, ஃப்ரெஷ்ஷா ஒண்ணு குடுங்க" என்று பையோடு திரும்பி வருபவர்கள் எங்கள் கவுண்டரில் வாடிக்கை.

சிவப்பணுவை மட்டும் பிரித்து, அணுக்களைக் கெடாமல் காக்கும் எஸ்ஏஜிஎம் கரைசல் சேர்த்து, 2 முதல் 6 டிகிரியில் வைத்தால் 42 நாள் வரை கொடுக்கலாம். அதற்காகப் பைக்குள் ஒன்றுமே நடக்காது என்றில்லை. அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசியும். வட்டமான அணுக்கள் முள் முளைத்தாற்போல் உருமாறும், சில உடையும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எளிதில் விட உதவும் 2,3-டிபிஜி என்ற பொருள் இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். உடம்புக்குள் போனபின் இரண்டு மூன்று நாளில் மீண்டும் ஊறிவிடும்.

2008-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 6,000 பேரின் பதிவுகளை அலசினார்கள். 14 நாளைத் தாண்டிய இரத்தம் பெற்றவர்களிடம் சிக்கலும் மரணமும் கூடுதல் என்று வந்தது. எங்கள் துறையே கலங்கியது. ஆனால் அது பழைய பதிவுகளை வைத்துச் சொன்னது. குலுக்கல் முறையில் ஆளைப் பிரித்துப் பார்த்ததல்ல.

அப்படிப் பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. 2016-ல் வந்த இன்ஃபார்ம் ஆய்வில், நான்கு நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட உள்நோயாளிகள். மருத்துவமனை மரணம், இருப்பதில் புதிய இரத்தம் பெற்றவர்களில் 9.1 சதவீதம், பழையது பெற்றவர்களில் 8.7. உகாண்டாவின் முலாகோ மருத்துவமனையில் நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய சான்று. கடும் இரத்தசோகையில் உயிருக்குப் போராடிய 290 குழந்தைகள். பாதிப் பேருக்கு 10 நாளுக்கு உட்பட்டது, மீதிப் பேருக்கு 25 முதல் 35 நாள் ஆனது. இரண்டுமே திசுக்களுக்கு ஒரே அளவில் ஆக்சிஜன் சேர்த்தன.

அந்த 42 நாளில் கடைசி ஒரு வாரத்தைப் பற்றி மட்டும் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த வயதுப் பைகள் இந்த ஆய்வுகளில் குறைவு.

புதியது தேவைப்படும் ஆட்களும் உண்டு. பச்சிளங்குழந்தைக்கு முழு இரத்தத்தையும் மாற்றும்போது பொட்டாசியம் இதயத்தைப் பாதிக்கும் என்பதால் சில நாளே ஆன பையைத் தேடி எடுப்போம். அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா பிள்ளைகளுக்கும் முடிந்தவரை இளம் பைதான்; ஏற்றிய அணு நீண்ட நாள் உயிரோடிருந்தால் அடுத்த முறை தள்ளிப்போகும். தேங்கினால் கெடுதல் செய்யும் இரும்பை ஒவ்வொரு யூனிட்டும் 200 மில்லிகிராமுக்கு மேல் உடம்பில் விட்டுச் செல்வதால் அது சின்ன லாபமல்ல. பிளேட்லெட் கணக்கே வேறு: அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைத்து ஐந்து நாள்தான்.

"அப்போ என் தம்பி ரத்தத்தையே இப்பவே எடுத்து ஏத்துங்க" என்பார்கள். அது நல்ல யோசனையில்லை. நெருங்கிய சொந்தத்தின் புது இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் வாய்ப்புண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். அந்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்து வெள்ளையணுக்களை முடக்காமல் ஏற்றக் கூடாது.

ஃப்ரிட்ஜில் இருந்த 30 நாளைவிட, எங்களிடம் வாங்கியபின் வெளியில் இருக்கும் நேரம்தான் எனக்குக் கவலை. பையைக் கையில் வைத்துக்கொண்டே டீக்கடையில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கியதும் நேரே வார்டுக்குப் போங்கள். அரை மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.