பவர் மெமோரியல்: மூடிய பள்ளி பற்றி நீங்கள் கேட்டவை

நியூயார்க்கில் 1984-ல் மூடப்பட்ட கத்தோலிக்க ஆண்கள் பள்ளி பவர் மெமோரியல் அகாடமி. வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: சார், 'பவர்' என்றால் மின்சாரம் சம்பந்தப்பட்டதா?

பதில்: இல்லைங்க, பாதிரியாரின் பெயர். ஹார்லெமில் ஆல் செயிண்ட்ஸ் பங்குத் தந்தையாக இருந்த ஜேம்ஸ் பவர். ஐரிஷ் கிறிஸ்தவ சகோதரர்கள் சபையை 1906-ல் நியூயார்க்குக்கு வரவழைத்தவர். அவர் நினைவாக 1931-ல் சபை தொடங்கிய பள்ளி இது. டெல்லி செயின்ட் கொலம்பாஸ் பள்ளியைத் தொடங்கியதும் இதே சபைதான். டி லா சால் சகோதரர்கள் என்பது வேறு சபை, பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, விடுதி உண்டா?

பதில்: கிடையாது. காலையில் சுரங்க ரயிலில் வந்து, மாலையில் வீடு திரும்பும் பையன்கள்தான். மான்ஹாட்டன் 61-வது தெருவில், ஒரு காலத்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடத்தில் வகுப்புகள் நடந்தன.

கேள்வி: கரீம் அப்துல் ஜப்பார் படித்தது இங்கேதானே? அந்த 71 வெற்றியைச் சொல்லுங்களேன்.

பதில்: ஆமாம், பிற்பாடு அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரமானவர். அப்போது அவர் பெயர் லூ அல்சின்டர். ஏழடி உயரம். அவர் ஆடிய அணி தொடர்ந்து 71 கூடைப்பந்து ஆட்டங்களில் வென்றது. எனக்குப் பிடித்தது என்னவோ அது முடிந்த கதைதான்! மேரிலாந்தின் டிமேத்தா பள்ளிப் பயிற்சியாளர் மோர்கன் வூட்டன், பயிற்சியில் ஒரு பையன் கையில் டென்னிஸ் மட்டையைக் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். அல்சின்டரின் கை அவ்வளவு எட்டும் என்று கணக்கு. மட்டைக்கு மேலே வளைத்துப் பந்தை எறிந்து பழகினார்கள். 1965 ஜனவரி 30 அன்று 46–43 என்று டிமேத்தா ஜெயித்தது. அல்சின்டர் எடுத்தது 16 புள்ளிகள்தான்.

கேள்வி: பவர் பள்ளிப் பயிற்சியாளர் பற்றி?

பதில்: ஜாக் டோனஹ்யூ. பிற்பாடு கனடா தேசிய அணியைப் பல ஆண்டுகள் வழிநடத்தியவர். ஆனால் ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் அவர் சொன்ன இனவெறிச் சொல் அல்சின்டரை ரொம்பக் காயப்படுத்தியது. பல ஆண்டுகள் கழித்தே இருவரும் சமாதானமானார்கள். பள்ளியின் புகழைப் பேசும்போது இதை விட்டுவிடுவது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: அவ்வளவு பேரெடுத்த பள்ளியை ஏன் மூடினார்கள்? இப்போது போனால் பார்க்கலாமா?

பதில்: பழைய கட்டடம், பழுதுபார்க்கப் பெரும் செலவு. பக்கத்திலேயே லிங்கன் சென்டர் என்ற பெரிய கலையரங்க வளாகம். அங்கே மனை என்ன விலை போகும் என்று யோசித்துப் பாருங்கள்! கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே நிற்பது அடுக்குமாடிக் குடியிருப்பு.