ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டுமா?

கேள்வி: நான் மூலக்கூறு உயிரியல் பேராசிரியை, வயது 47. துறைத்தலைவர் பொறுப்பை ஏற்கச் சொல்கிறார்கள். ஒருநாள் ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்த வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் என்னிடம் நான்கு பிஎச்.டி. மாணவர்கள் இருக்கிறார்கள். நிர்வாகத்துக்குப் போனால் ஆராய்ச்சி செத்துவிடும் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: ஆசை இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதினீர்களே, அது எனக்குப் பிடித்திருந்தது. ஆசையை மறைத்துக்கொண்டு பதவிக்கு வருபவர்கள் அதற்காகத் தயார் செய்துகொள்வதே இல்லை.

சரி, ஆராய்ச்சி சாகுமா? முதலில் மெலியும், மேலே போகப் போக அநேகமாக நின்றே போகும். வேதியியல் விஞ்ஞானி சி.என்.ஆர். ராவ் 1984 முதல் 1994 வரை இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்துகொண்டே ஆராய்ச்சியும் செய்தார், உண்மைதான், ஆனால் அவரை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் துறைத்தலைவரான முதல் வருடம், நிதிக்குழுக் கூட்டம் முடிந்து மாலை ஆறரைக்கு அறைக்கு வந்தால் கதவருகே என் மாணவி மடிக்கணினியைத் திறந்தபடி நிற்கிறாள், திரையில் ஒரு வரைபடம், அதில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகியிருக்கிறது. "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்றேன். அந்த நாளை வர பதினேழு நாள் ஆனது. கரைசல் கெட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான் விஷயம், ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். அத்தனை நாளும் அவள் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் புது மாணவர்களை இப்போது எடுக்காதீர்கள். இருக்கும் நால்வருக்கும் இணை வழிகாட்டி ஒருவரை முறைப்படி போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஆய்வகத்துக்கு என்று நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள், வாய்மொழி உறுதி மூன்று மாதம்கூடத் தாங்காது.

மேலே போகும் வழி ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். நரம்பியல் விஞ்ஞானி சூசன் ஹாக்ஃபீல்டு படிப்படியாகப் போனவர்: 1998ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்புப் பள்ளியின் டீன், 2003ல் கல்வியும் பட்ஜெட்டும் ஒருசேரக் கையில் வரும் ப்ரவோஸ்ட் பதவி, 2004ல் எம்.ஐ.டி.யின் தலைவர். ஷெர்லி டில்மன் உங்களைப் போல மூலக்கூறு உயிரியலாளர், டீனாகவோ ப்ரவோஸ்டாகவோ இருக்காமலே 2001ல் பிரின்ஸ்டன் தலைவரானார். ஆனால் அதற்கு முன்பே அறிவியல் படிக்காத மாணவர்களுக்கு அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்று பல்கலைக்கழகம் முழுமைக்குமான ஒரு குழுவைப் பல வருடம் நடத்தியிருந்தார். உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத குழுக்களில் உட்காருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வரலாற்றுத் துறைக்காரர் எதற்குக் கோபப்படுகிறார் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். அப்புறம் பட்ஜெட் தாளை வரிக்கு வரி படிக்கப் பழகுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு, தரவு முழுதாக வரட்டும் என்று காத்திருப்பது. நிர்வாகத்தில் பாதித் தகவலோடுதான் முடிவெடுக்க வேண்டியிருக்கும், அது முதலில் உடம்புக்கே ஒவ்வாது.

இன்னொன்றும் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு தலைவராக இருந்த நரம்பியல் விஞ்ஞானி மார்க் டெசியே-லவீன் 2023ல் பதவி விலகினார். அவரே தரவைத் திரித்தார் என்று விசாரணைக் குழு சொல்லவில்லை. அவர் பெயரில் வந்த பழைய கட்டுரைகளின் பிழைகளைச் சரியாகத் திருத்தவில்லை என்றுதான் சொன்னது. உங்கள் ஆய்வகத்திலிருந்து வந்தவற்றில் சந்தேகம் ஏதும் இருந்தால் இப்போதே திருத்தம் அனுப்பிவிடுங்கள்.

அந்த நால்வரிடமும் இன்னும் பேசியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சம்மதக் கடிதம் கொடுப்பதற்கு முன்பு, இந்த வாரமே, ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள்.