திரையா, வகுப்பறையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆன்லைன் பள்ளியில் ஒரு வகுப்பைக்கூட விடுவதில்லை. கேட்டால் "நல்லாப் புரிஞ்சுதும்மா" என்கிறாள். ஆனால் தேர்வில் கணக்கு மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது. நேரடி வகுப்புக்கே மாற்றிவிடட்டுமா?

பதில்: அவள் கணக்குப் போடும் நேரத்தில் அவளுடைய நோட்டை ஆசிரியர் பார்க்கிறாரா என்று முதலில் கவனியுங்கள். வகுப்பறையில் கணக்கைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வருவார். 12 − (5 − 3) என்பதை ஒரு பிள்ளை 12 − 5 − 3 என்று பிரித்து விடை 4 என எழுதினால், அந்த வரியிலேயே விரல் வைத்து, "முன்னால் கழித்தல் குறி இருக்கே, உள்ளே என்ன ஆகும்?" என்று கேட்டுவிடுவார். விடை 10 என்று பிள்ளையே திருத்திக்கொள்ளும். ஆன்லைனில் அவருக்குத் தெரிவது முகம் மட்டுமே. வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்பி, அது திருத்தி வருவதற்குள் அதே தவறு பத்துக் கணக்குகளில் ஊறிப்போயிருக்கும்.

இதைப் பெருமளவு சரிசெய்யலாம். இன்னொரு போன் இருந்தால், அதையும் அதே வகுப்பில் இணையுங்கள். புத்தகங்களை அடுக்கி, நோட்டுக்கு மேலே சுமார் ஓர் அடி உயரத்தில், பின்பக்கக் கேமரா கீழ்நோக்கி இருக்கும்படி போனை வையுங்கள். அதில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் எதிரொலி கிளம்பி வகுப்பே நின்றுபோகும். வலக்கையால் எழுதுபவள் என்றால் விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும், கையின் நிழல் எழுத்தில் விழாது. பென்சில் மங்கலாகத் தெரியும், கறுப்புப் பேனாவே நல்லது. நாற்பது நோட்டுகளை ஒருசேர யாராலும் பார்க்க முடியாது என்பதால், ஐந்தாறு பேராகப் பிரித்துப் பத்து நிமிடம் பார்க்கும்படி ஆசிரியரைக் கேளுங்கள். பள்ளி இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால், கணக்குக்காவது நேரடி வகுப்பைத் தேடுவதுதான் சரி.

"புரிஞ்சுது" என்பதையும் சற்றுச் சோதிக்க வேண்டும். பதிவான பாடத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்கலாம்; வகுப்பறை தராத பெரிய வசதி இது. உடல்நலமில்லாத பிள்ளைக்கும், கூச்சத்தால் கை தூக்காத பிள்ளைக்கும் பேருதவி. ஆனால் இரண்டு முறை பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டதுபோலத் தோன்றும். வீடியோவை மூடிவிட்டு, அதே கணக்கைப் பார்க்காமல் போடச் சொல்லுங்கள். மறுநாள் எண்களை மாற்றிக் கொடுங்கள். அப்போதும் வந்தால்தான் புரிந்ததாகக் கொள்ளலாம்.

கேள்வி: அறிவியல் செய்முறையைத் திரையிலேயே முடித்துவிடலாமா?

பதில்: முடிக்க முடியாது, ஆனால் அங்கே தொடங்கலாம். திரைச் சோதனையில் எண்கள் பிசகாமல் வரும். நிஜத்தில், திரவத்தைத் துளித்துளியாக விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டின் திருகைச் சற்று அதிகம் திருப்பினால், ஒரு துளி கூடி, வெளிர் இளஞ்சிவப்பில் நிற்க வேண்டிய கரைசல் அடர்ந்துவிடும். அந்தக் கைப்பக்குவம் ஆய்வகத்தில்தான் வரும்.

ஊசலை வீட்டிலேயே செய்யலாம். தொங்கவிடும் இடத்திலிருந்து எடையின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் வருமாறு நூலைக் கட்டி, சிறிதளவே விலக்கி விட்டால், 20 முழு அலைவுகளுக்கு (போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) சுமார் 40 விநாடி ஆகும். நீளத்தை 25 சென்டிமீட்டராக்கினால் 20 விநாடி. ஒரே அலைவை மட்டும் அளந்தால், கடிகாரத்தை அழுத்துவதில் நேரும் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும்.

கேள்வி: ஐந்து வயதுப் பையனுக்கு முழுக்க ஆன்லைன் பள்ளி போதுமா?

பதில்: வேண்டாம். பிள்ளைகள் ஒன்றாகப் பாட்டுச் சொன்னால், ஒலி தாமதமாகி வருவதாலும், செயலி ஒரு குரலை மட்டும் தூக்கி மற்றதை அடக்குவதாலும், யார் எப்படி உச்சரிக்கிறார்கள் என்பதே ஆசிரியருக்குக் கேட்காது. பென்சில் பிடிக்கும் விரல்களைத் திருத்த, பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரையை விட்டு எழுப்பி, தினமும் வெளிச்சத்தில் ஓடியாட விடுங்கள்; எழுத்துப் பயிற்சியை மட்டும் நீங்களே அருகிலிருந்து கொடுங்கள்.