கப்கேக்குக்கு ஒட்டின விலை – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார். என் பையன் அமெரிக்கால, கலிஃபோர்னியால இருக்கிற பெர்க்லி யுனிவர்சிட்டில ரெண்டாவது வருஷம் படிக்கிறான். அங்க ரிபப்ளிகன் கட்சியை சப்போர்ட் பண்ற மாணவர்களோட காலேஜ் ரிபப்ளிகன்ஸ் கிளப்ல சேர்ந்திருக்கான். போன் பண்ணினா டைவர்சிட்டி, இன்க்ளூஷன்னு எல்லாத் தரப்பையும் சேர்த்துக்கிறதெல்லாம் ஏமாத்து வேலை, நல்லா படிக்கிற ஏஷியன் பசங்க சீட்டைப் புடுங்கி மத்தவங்களுக்குக் குடுக்குறாங்கன்னு சொல்றான். அவங்கப்பா அவன் சொல்றது கரெக்ட்தானேங்கிறார். யாரையாவது மட்டமா பார்க்க ஆரம்பிச்சிடுவானோன்னு எனக்கு பயமா இருக்கு, அங்க அவனை யாராவது அடிச்சிடுவாங்களோன்னும் பயமா இருக்கு. கிளப்பை விடச் சொல்லட்டுமா?
– ஒரு அம்மா, திருச்சி

வணக்கம்மா,

விடச் சொல்லாதீங்க. பெர்க்லி மாதிரி இடதுசாரிங்க அதிகமா இருக்கிற இடத்துல கன்சர்வேட்டிவ்னு (வலதுசாரின்னு) வெளிய சொல்லிட்டு நடமாடவே தைரியம் வேணும், அதை நான் மதிக்கிறேன். 1964ல அங்க பேச்சுரிமைப் போராட்டம் ஆரம்பிச்சப்ப கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடின சிவில் ரைட்ஸ் பசங்களோட, அந்த வருஷ ரிபப்ளிகன் ஜனாதிபதி வேட்பாளர் கோல்ட்வாட்டரை சப்போர்ட் பண்ண வலதுசாரி மாணவர்களும் சேர்ந்துதான் நின்னாங்க, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. உங்க ரெண்டாவது பயத்துக்கும் காரணம் இல்லாம இல்ல. 2017 பிப்ரவரில இதே கிளப் ஏற்பாடு பண்ண கூட்டத்தை முகமூடி போட்டு வந்தவங்க கலவரம் பண்ணி நிறுத்தினாங்க, சுமார் 1 லட்சம் டாலர் நஷ்டம். 2019ல அங்க கேம்பஸ் நடுவுல இருக்கிற ஸ்ப்ரௌல் பிளாசாங்கிற திடல்ல, டர்னிங் பாயிண்ட்ங்கிற வலதுசாரி மாணவர் அமைப்புக்கு ஆள் சேர்த்துட்டிருந்த ஒரு பையனை முகத்துல குத்தினாங்க. அந்த அமைப்பை ஆரம்பிச்ச சார்லி கிர்க் 2025 செப்டம்பர்ல யூட்டால ஒரு கேம்பஸ்ல மாணவர்களோட கேள்விக்கு பதில் சொல்லிட்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். கருத்து எதுவா இருந்தாலும் இது அநியாயம், இதுல எனக்கு ரெண்டு பேச்சு கிடையாது. கேம்பஸ்ல கிளப்புக்காக டேபிள் போடும்போது தனியா நிக்காதடான்னு மட்டும் சொல்லி வைங்க.

ஆனா சீட்டைப் புடுங்குறாங்கன்னு அவன் சொல்றது அவன் படிக்கிற காலேஜுக்கே பொருந்தாது. கலிஃபோர்னியால 1996ல மக்கள் ஓட்டுப் போட்டு ப்ரொபொசிஷன் 209னு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, பெர்க்லி மாதிரி அரசு யுனிவர்சிட்டில இனம் பார்த்து முன்னுரிமை குடுக்கக் கூடாதுன்னு. 1998 அட்மிஷன்ல அது நடைமுறைக்கு வந்தப்ப பெர்க்லில சீட் கிடைச்ச கறுப்பின, லத்தீன் மாணவர்கள் எண்ணிக்கை பாதிக்கும் மேல விழுந்துச்சு. 2020ல அதை எடுத்துடலாமான்னு திரும்ப ஓட்டு கேட்டாங்க, டெமாக்ரட்டுங்க கோட்டையான அந்த மாநிலத்துலயே கிட்டத்தட்ட 57 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க. அதனால உங்க பையனோட கருத்து ஒண்ணும் விபரீதமான கருத்து இல்ல. ஆனா அவன் சீட்டுக்கு அங்க ஆபத்தும் இல்ல, அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே அங்க நிறுத்தின விஷயம் அது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 2011 செப்டம்பர்ல இதே கிளப் ஸ்ப்ரௌல்ல ஒரு கப்கேக் கடை போட்டாங்க. வெள்ளைக்கார ஆம்பளைக்கு 2 டாலர், ஏஷியனுக்கு 1.50, லத்தீனுக்கு 1 டாலர், கறுப்பினத்தவருக்கு 75 சென்ட், அமெரிக்கப் பழங்குடிக்கு 25 சென்ட், பொண்ணுங்கன்னா இன்னும் 25 சென்ட் குறைவு. அட்மிஷன்ல இனத்தையும் பார்க்கலாம்னு அப்ப ஒரு மசோதா வந்திருந்தது, அதை எதிர்க்கத்தான் இந்தக் கடை. மசோதாவை எதிர்க்க அவங்களுக்கு முழு உரிமை இருக்கு, கவர்னர் ஜெர்ரி பிரவுனே கடைசில அதை வீட்டோ பண்ணிட்டார். ஆனா அன்னைக்கு அந்த வழியா நடந்து போன ஒரு கறுப்பினப் பொண்ணை நினைச்சுப் பாருங்க, அவ உள்ள வந்தப்ப இனத்துக்குன்னு எந்தச் சலுகையும் கிடையாது, எல்லாரும் வந்த அதே வாசல்லதான் அவளும் வந்திருக்கா, அப்படியும் நீ மலிவா உள்ள வந்தவன்னு 50 சென்ட்னு எழுதி அவ முன்னாடி வச்சாச்சு. சட்டத்தை எதிர்க்கிறேன்னு கிளம்பி கூடப் படிக்கிறவ மேல விலை ஒட்டிட்டாங்க. இதை எதிர்த்து கறுப்பு டிரஸ் போட்டுக்கிட்டு நூத்துக்கணக்கான மாணவர்கள் அந்தத் தரையிலேயே படுத்தாங்க அன்னைக்கு. உங்க முதல் பயம் இதுதானேம்மா, நியாயமான பயம்.

அவங்கப்பா கரெக்ட்னு சொல்றது நம்ம ஊர் இடஒதுக்கீட்டை மனசுல வச்சோ என்னவோ. அமெரிக்கால கோட்டா 1978லயே செல்லாதுன்னு ஆயிடுச்சு, கலிஃபோர்னியாவோட டேவிஸ் மெடிக்கல் காலேஜ்ல 100 சீட்ல 16 ஒதுக்கி வச்சிருந்ததை சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. இனத்தை பல விஷயத்துல ஒண்ணா பார்க்கலாம்னு அப்ப விட்டு வச்சிருந்ததையும் 2023 ஜூன்ல ஹார்வர்ட் வழக்குல எடுத்துட்டாங்க. அந்த வழக்குல ஏஷியன் பசங்களுக்கு குணநல மதிப்பீட்டுல குறைச்சு மார்க் போட்டது வெளிய வந்துச்சு, அது எனக்கும் கோபம் வர்ற விஷயம்தான். ஆனா அதே வழக்குல வந்த டேட்டாபடி ஹார்வர்ட்ல சீட் கிடைச்ச வெள்ளைக்காரங்கள்ல 43 சதவீதத்துக்கும் மேல விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர் பசங்க, ப்ரொஃபசர் பசங்க, நன்கொடை குடுத்தவங்க பசங்க மாதிரி டீன் தனியா குறிச்சு வச்ச லிஸ்ட்ல இருந்தவங்க. தகுதி தகுதின்னு பேசுற பசங்க இதைப் பத்தியும் அதே சத்தத்துல பேசணும்.

இன்க்ளூஷன் ஏமாத்து வேலைன்னு சொல்றான்ல, எட் ராபர்ட்ஸ் பத்தி கேட்டுப் பாருங்க. போலியோ வந்து கழுத்துக்குக் கீழ அசையாத ஆள், ராத்திரி தூங்க, மூச்சு விட உதவுற அயர்ன் லங்ங்கிற ராட்சச மெஷின் வேணும், 1962ல பெர்க்லிக்குப் படிக்க வந்தார். எந்த ஹாஸ்டல் ரூமும் அந்த வெயிட்டைத் தாங்காதுன்னு கேம்பஸ் ஆஸ்பத்திரிலயே ஒரு ரூம் குடுத்தாங்க. அவருக்குப் பின்னாடி அந்த மாதிரி மாணவர்கள் ஒவ்வொருத்தரா வந்தாங்க, மாற்றுத்திறனாளிகள் சுயமா வாழற இயக்கமே அங்கிருந்துதான் கிளம்புச்சு. இதுல யாரோட சீட்டும் போகலையே! வேலைக்கு வர்ற ப்ரொஃபசர் டைவர்சிட்டில எனக்கு நம்பிக்கை இருக்குன்னு எழுதிக் குடுத்தே ஆகணும்னு கேட்டுட்டிருந்தது வேற, அது எனக்கும் பிடிக்கல, பெர்க்லியும் சேர்ந்த கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி 2025ல அதை நிறுத்தினது சரிதான். அதை எதிர்க்கலாம், எட் ராபர்ட்ஸுக்கு ரூம் குடுத்ததை எதிர்க்க என்ன இருக்கு.

அடுத்த தடவை போன் பண்ணும்போது ஒண்ணே ஒண்ணு கேளுங்க, உங்க கிளப் திரும்ப அந்த விலைப்பட்டியல் போட்டா நீ அந்த டேபிள்ல நிப்பியாடான்னு. நிக்க மாட்டேன்னு சொன்னா அதை கிளப் மீட்டிங்லயே எழுந்து சொல்லச் சொல்லுங்க, வெளிய இருந்து நூறு பேர் கத்துறதை விட உள்ள இருக்கிற ஒருத்தன் சொன்னா அவங்க காது குடுத்துக் கேப்பாங்க. நிப்பேன்னு சொன்னான்னா எனக்கு மறுபடி எழுதுங்க, அவனும் எழுதட்டும், பதில் போடறேன்.